சிஸரோவின் மேஜை

சென்ற வருஷம் பழைய சாமான் ஏலம் ஒன்றில் வட்ட மேஜை ஒன்று வாங்கினேன். என்ன விலைக்கு வாங்கினேன் என்பதை இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை. என் மனைவி நான் எழுதுகிற கட்டுரைகளைப் படிக்கும் பழக்கம் உள்ளவள். ஏலக்காரரிடம் நான் கொடுத்த தொகை ஒன்று. வீட்டில் நான் சொன்ன தொகை வேறு.

குறைத்துச் சொன்ன அந்தத் தொகைக்கே அவள் மூக்கில் விரலை வைத்தாள்.

"போன மாதம் நான் ஒரு ஜோடி வளையல் என்று வாயெடுத்தேன். நகையில் பணத்தை முடக்குவது எவ்வளவு பெரிய மூடத்தனம் என்று அரை மணி நேரம் உபந்நியாசம் செய்தீர்களே, இது மட்டும் என்னவாம்?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைக்காதபோது புஸ்தகங்களுக்குள் ஒளிந்து கொள்வது எழுத்தாளர்களின் வழக்கம். அப்படி ஒளிந்த இடத்தில்தான் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைம்பது வருஷங்களுக்கு முன்பு ரோமாபுரியில் இதே சண்டை நடந்திருக்கிறது. "உங்களுக்கு முத்து மோகம்" என்று ஆண்கள் பெண்களைப் பழித்தார்களாம். "உங்களுக்கு மேஜைப் பைத்தியம் இல்லையா?" என்று பெண்கள் திருப்பிக் கொடுத்தார்களாம். இதை எழுதி வைத்தவர் பிளினி என்ற ரோமானிய அறிஞர். வானத்து நட்சத்திரம் முதல் தோட்டத்துப் பூண்டு வரையில் உலகத்தில் உள்ள அத்தனையையும் 37 பாகங்களில் எழுதித் தீர்த்தவர். கி.பி. 79-இல் வெஸூவியஸ் எரிமலை குமுறியபோது, அதை அருகில் சென்று பார்க்கவும் ஜனங்களைக் காப்பாற்றவும் கப்பலில் போய், கரையிலேயே உயிரை விட்டவர். அவருடைய நூலின் பதின்மூன்றாவது பாகத்தில் இந்த மேஜைகளின் கதை இருக்கிறது.

அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் என் மேஜையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அதற்கு ஒரு காலில் ஆட்டம் கண்டிருந்தது. ஆசாரியை அழைத்து வந்தேன். அவர் மேஜையைக் கவிழ்த்தார், அடிப்பக்கத்தைத் தடவினார், பிறகு நிமிர்த்தி, மேற்பலகையில் சுழிசுழியாக ஓடிய ரேகைகளை வெகு நேரம் பார்த்தார்.

"இது நேர்ப் பலகை இல்லீங்க. முண்டிலே அறுத்தது. இந்த மாதிரிக் கட்டை எங்க கைக்கு வந்தா அடுப்புக்குத்தான் போகும். உளியை ஒரு பக்கம் தள்ளினா ரேகை இன்னொரு பக்கம் இழுக்கும். எவனோ பெரிய பொறுமைசாலி இதைச் செஞ்சிருக்கான்" என்றார்.

சில மரங்களின் அடியிலோ உடம்பிலோ கழலை மாதிரிப் புடைத்துக் கொண்டு நிற்கும் முண்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மரத்துக்கு ஏதோ ஒரு காயம் பட்டிருக்கும், அல்லது பூச்சியோ நோயோ தாக்கியிருக்கும், தீ சுட்டிருக்கும். அந்த இடத்தில் கிளையாக வெளிவர வேண்டிய மொட்டுகள் வெளிவராமல் உள்ளுக்குள்ளேயே கூட்டம் கூடிவிடுகின்றன. ஒவ்வொரு மொட்டையும் சுற்றிக்கொண்டு மரத்தின் நார் வளைந்து வளைந்து வளர்கிறது. அறுத்துப் பார்த்தால் உள்ளே நேர்கோடு என்பதே இராது. கண் கண்ணாக, அலை அலையாக, ஆற்றுச் சுழலை அப்படியே உறைய வைத்தது போல இருக்கும். வீடு கட்டுகிறவனுக்கு அது உதவாது. உத்தரம் போட முடியாது. நிலைக்கால் இழைக்க முடியாது. ஆனால் அழகைத் தேடுகிறவன் அதைப் பார்த்துவிட்டால் மற்ற மரத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

ரோமானியர்கள் பார்த்துவிட்டார்கள்.

அவர்கள் மயங்கியது வட ஆப்பிரிக்காவில், அட்லாஸ் மலைச் சரிவுகளில் வளரும் ஒரு மரத்திடம். லத்தீன் மொழியில் அதற்கு 'ஸிட்ரஸ்' என்று பெயர். எலுமிச்சை, நாரத்தைக் குடும்பத்துக்கும் இன்று அதே பெயர் வழங்குவதால், ரோமானியர்கள் எலுமிச்சைக் கட்டையில் மேஜை செய்தார்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. இது ஸைப்ரஸ் இனத்தைச் சேர்ந்த மரம். மெதுவாக வளரும், பெரிய உயரமும் போகாது. நான்கு செதில்களாகப் பிளக்கும் சிறிய காய் காய்க்கும். அதனால்தான் தாவர நூலார் அதற்கு 'டெட்ராக்ளினிஸ்' என்று நான்கைக் குறிக்கும் பெயரை வைத்தார்கள். பட்டையிலிருந்து வடியும் பிசினைச் 'சாண்டரக்' என்பார்கள். மெருகெண்ணெய் காய்ச்ச உதவுவது. கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸுக்கு இந்த மரத்தைத் தெரிந்திருந்தது. பழைய கட்டடங்களின் கூரைக்கு இதைப் போட்டிருந்ததையும், இது உளுத்துப் போகாது என்பதையும், இதன் வேர்க்கட்டையைப் போலச் சுருள் விழுந்த கட்டை வேறில்லை என்பதையும் அவர் குறித்திருக்கிறார். ஆனால் மேஜையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேஜை மோகம் ரோமாபுரியில் பிறந்தது.

அது பிறந்த காலத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். வெர்ரஸ் என்று ஒருவன். கி.மு. 73 முதல் 71 வரையில் ஸிஸிலித் தீவுக்குக் கவர்னராக இருந்தான். கவர்னர் உத்தியோகம் என்றால் கொள்ளையடிப்பதற்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு என்று எண்ணியவன். கோவில் சிலை, வெள்ளிப் பாத்திரம், திரைச் சீலை எதையும் விடவில்லை. ஸிஸிலி ஜனங்கள் ரோமாபுரிக்கு வந்து முறையிட்டார்கள். அவர்களுக்காக வாதாட முன்வந்தவர் 36 வயது வழக்கறிஞரான சிஸரோ. கி.மு. 70-இல் வழக்குத் தொடங்கியது. சிஸரோ சாட்சியங்களை அடுக்கிய வேகத்தில், தீர்ப்புக்குக் கூடக் காத்திராமல் வெர்ரஸ் ஊரை விட்டே போய்விட்டான். பேச வேண்டி வராத மீதிப் பேச்சையும் சிஸரோ விடவில்லை, எழுதி வெளியிட்டார். அதிலே ஒரு குற்றச்சாட்டு இது: லிலிபேயம் என்ற ஊரில் டியோடோரஸ் என்பவரிடமிருந்து மிகப் பெரிய, மிக அழகிய ஸிட்ரஸ் மேஜை ஒன்றை, ஊரெல்லாம் பார்த்திருக்க, வெர்ரஸ் பறித்துக் கொண்டு போனான்.

படிக்கும்போது நமக்கு ரத்தம் கொதிக்கிறது. சிஸரோவின் பேனா அப்படிப்பட்டது. கொஞ்சம் பொறுங்கள். அதே சிஸரோ பிற்பாடு தமக்கென்று ஒரு ஸிட்ரஸ் மேஜை வாங்கினார். விலை ஐந்து லட்சம் செஸ்டர்ஸ்.

ஐந்து லட்சம் செஸ்டர்ஸ் என்றால் எவ்வளவு? ஜூலியஸ் சீஸர் சம்பளத்தை உயர்த்திய பிறகும் ரோமானியக் காலாட்படைச் சிப்பாய் ஒருவனுக்கு வருஷத்துக்குக் கிடைத்தது 900 செஸ்டர்ஸ். அவன் ஒரு கவளம் கூடச் சாப்பிடாமல் முழுச் சம்பளத்தையும் சேர்த்து வைத்தால், அந்த மேஜையை வாங்க 555 வருஷத்துக்கு மேல் ஆகும். ரோமாபுரியில் 'குதிரை வீரர்' என்ற உயர் அந்தஸ்தைப் பெற ஒருவனுக்கு நான்கு லட்சம் செஸ்டர்ஸ் சொத்து இருக்க வேண்டும். ஒரு பிரபுவின் அந்தஸ்தைக் காட்டிலும் ஒரு மேஜைக்கு மதிப்பு அதிகம்! சிஸரோ அப்படியொன்றும் மகா தனவந்தர் அல்லவே, அதுவும் ஆடம்பரம் முற்றாத அந்தக் காலத்தில் இதை எப்படி வாங்கினார் என்று பிளினியே வியக்கிறார்.

சிஸரோ கள்ளர் அல்ல. காசு கொடுத்துத்தான் வாங்கினார். ஆனாலும், பறித்தவனுடைய ஆசையும் வாங்கியவருடைய ஆசையும் ஒரே மரத்தின் ஒரே சுழியில்தான் போய் விழுந்தன என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கி.மு. 43-இல் ஆன்டனி தன் விரோதிகளின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்தபோது இருவர் பெயரும் அதில் இருந்தன. சிஸரோவின் தலையையும் கையையும் வெட்டி, அவர் முழங்கிய மேடையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். வெர்ரஸ் தன்னிடம் இருந்த வெண்கலப் பாத்திரங்களை ஆன்டனிக்குக் கொடுக்க மறுத்ததனால் உயிரை இழந்தான் என்று பிளினி சொல்கிறார். மேஜை மட்டும் சேதமில்லாமல் இருந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு பிளினியின் நாளிலும் அது இருந்ததாம்.

சிஸரோ தொடங்கி வைத்ததை மற்றவர்கள் தூக்கி நிறுத்தினார்கள். அஸீனியஸ் காலஸ் என்ற பிரபு பத்து லட்சத்துக்கு ஒரு மேஜை வாங்கினார். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் சட்டப்படி செனட் சபையில் உட்கார ஒருவனுக்கு இருக்க வேண்டிய மொத்தச் சொத்து அதுதான். ஜூபா மன்னருடைய இரண்டு மேஜைகள் விற்பனைக்கு வந்தபோது ஒன்று பன்னிரண்டு லட்சத்துக்கும், இன்னொன்று அதற்குச் சற்றுக் குறைவாகவும் போயின. இவை எல்லாவற்றையும் மிஞ்சிய விலைக்குக் கைமாறிய மேஜை ஒன்று, தீ விபத்தில் ஒரே நாளில் கரியாகிப் போயிற்று. அந்தப் பணத்துக்குப் பெரிய பண்ணையே வாங்கியிருக்கலாமே என்று பிளினி பெருமூச்சு விடுகிறார். நிலத்தின் அருமை தெரிந்த மனிதர்!

இத்தனை விலை ஏன்? மரம் பருமனாக வளருவதில்லை என்று சொன்னேன் அல்லவா? நாலு அடி அகலத்துக்கு ஒரே வட்டப் பலகை வேண்டுமானால், அத்தனை பெரிய முண்டு கிடைக்க வேண்டும். அது லட்சத்தில் ஒரு மரத்தில்தான் அகப்படும். மரம் விளையும் நாட்டுக்கே ராஜாவாக இருந்தவர் மாரிடானியாவின் டாலமி மன்னர். ஜூபாவின் மகன், எகிப்து ராணி கிளியோபாத்ராவின் பேரன். அவருக்குக் கூட ஒரே பலகையில் கிடைக்கவில்லை. இரண்டு அரை வட்டங்களைச் சேர்த்துத்தான் நாலரை அடி விட்டமுள்ள மேஜை செய்தார்கள். சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியாதபடி தச்சன் இணைத்திருந்தானாம். ஒரே கட்டையாக இருந்தால் கூட இவ்வளவு வியப்பு இராது என்கிறார் பிளினி. அந்த டாலமியை ரோமாபுரிக்கு வரவழைத்து, கி.பி. 40-இல் காலிகுலா சக்கரவர்த்தி கொன்றுவிட்டான். கேளிக்கை மண்டபத்தில் டாலமி போட்டிருந்த செந்நீல அங்கியை எல்லாரும் திரும்பிப் பார்த்ததுதான் காரணம் என்று ஒரு சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார்.

இன்னும் வேடிக்கை டைபீரியஸ் சக்கரவர்த்தியின் மேஜை. அவருடைய மேஜை நாலடிக்கு மேலே இரண்டேகால் அங்குலம். ஆனால் அது முழுக் கட்டையல்ல. மேலே மெல்லிய தகடு போலச் சீவி ஒட்டியது. அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற நோமியஸ் என்பவனிடம் இருந்ததோ ஒரே கட்டையில் கடைந்தது! எஜமானருக்கு ஒட்டுப் பலகை, வேலைக்காரனுக்கு அசல் கட்டை. சக்கரவர்த்திக்கு இது தெரியுமோ, தெரியாதோ! தெரிந்திருந்தால் நோமியஸுக்குத் தூக்கம் வந்திருக்காது.

மேஜையைப் பார்த்து மதிப்புப் போடுவதற்கென்றே ஒரு பரிபாஷை வழங்கி வந்தது. நீள வரிகள் ஓடினால் 'புலி'. சின்னச் சின்னச் சுழிகளாக இருந்தால் 'சிறுத்தை'. மயில் தோகையின் கண்களைப் போல இருப்பதற்குப் பெரிய மதிப்பு. நெருக்கமாகத் தானியத்தைத் தூவியது போல இருப்பது இன்னொரு ஜாதி. நிறம் தேன் கலந்த திராட்சை மதுவைப் போல இருக்க வேண்டும். ரேகையே இல்லாமல் மந்தமாக இருந்தால் அதற்கு 'கட்டை' என்று பெயர். அதைவிடப் பெரிய வசை வேறில்லை. நம் ஊரில் மாட்டுச் சுழியும் குதிரைச் சுழியும் பார்க்கிறவர்கள் ரோமாபுரிக்குப் போயிருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார்கள்.

கட்டையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதைப் பதப்படுத்துவதில்தான் சாமர்த்தியம். மரத்தை வெட்டிப் போட்டதும் அது உயிரை விட்டுவிடுவதில்லை. அதன் உடம்பில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. அந்தத் தண்ணீர் வற்ற வற்ற மரம் சுருங்கும். நேராக வளர்ந்த கட்டையில் இந்தச் சுருக்கத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நீளவாட்டில் சுருங்குவதே தெரியாது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் கொஞ்சம் சுருங்கும். வளையங்கள் சுற்றி ஓடும் திசையில் ஏறக்குறைய அதைப் போல இரண்டு பங்கு சுருங்கும். தச்சர்கள் இதை அறிந்து பலகை அறுக்கிறார்கள். முண்டிலோ நார் நாலா திசையிலும் ஓடுவதால், ஒவ்வொரு விரற்கடை இடமும் ஒவ்வொரு பக்கமாக இழுக்கும். மேற்புறம் காய்ந்து சுருங்கி இறுக்கும். உள்ளே ஈரம் இருப்பதால் அது விட்டுக் கொடுக்காது. அப்புறம் என்ன? 'படார்' என்று வெடிப்பு. லட்ச ரூபாய்ச் சாமான் விறகாகிவிடும்.

இதற்கு ஒரே மருந்து நிதானம். அந்த மலைநாட்டு ஜனங்கள் பச்சைக் கட்டையின் மேல் மெழுகைப் பூசி மண்ணுக்குள் புதைத்து வைப்பார்களாம். மெழுகு துவாரங்களை அடைக்கும். மண்ணின் குளிர்ச்சி ஈரத்தை ஒரேயடியாக ஓடவிடாது. தொழிலாளிகள் வேறு ஒரு முறையைக் கையாண்டார்கள். கட்டையைத் தானியக் குவியலின் மேல் ஏழு நாள் வைப்பார்கள். ஏழு நாள் எடுத்து வைப்பார்கள். மறுபடியும் ஏழு நாள். இதனால் கட்டையின் எடை எவ்வளவு குறைந்து போகிறது என்று பிளினி ஆச்சரியப்படுகிறார். காய்ந்த தானியத்துக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு என்பதை நம் வீட்டுப் பெண்களிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை; உப்பு ஜாடியில் நாலு அரிசியைப் போட்டு வைக்கிறவர்கள் அவர்கள். தானியத்தோடு இருந்த ஏழு நாளில் மேற்புறத்து ஈரம் போகிறது. இடைவெளி விட்ட ஏழு நாளில் உள்ளே இருக்கும் ஈரம் மெல்ல மேலே வந்து சமனாகிறது. மரத்தின் சுபாவத்தை அறிந்தவன் செய்த ஏற்பாடு அது. கப்பல் உடைந்து கடலில் கிடந்த கட்டைகள் நன்றாக இறுகி, கெடாமல் இருந்ததைக் கண்டு, கடல் தண்ணீரும் இதற்கு நல்லது என்று வியாபாரிகள் தெரிந்து கொண்டார்களாம். ஒருவன் குடியைக் கெடுத்த கப்பல் சேதம் இன்னொருவனுக்குப் பாடமாயிற்று!

இன்றைக்கும் முண்டில் கிண்ணமும் பெட்டியும் கடைகிறவர்கள் செய்வது ஏறக்குறைய இதுதான். வெட்டிய உடனே முனைகளுக்கு மெழுகு பூசுகிறார்கள். பலகையாக அறுத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்று கணக்கு வைத்துக் காற்றாடக் காயவிடுகிறார்கள். கிண்ணமானால் வேண்டியதைவிடத் தடிமனாகக் கடைந்து, காகிதத்தில் சுற்றி மாதக் கணக்கில் வைத்துவிட்டு, பிறகுதான் கடைசிக் கடைசல். அடிக்கடி தராசில் வைத்துப் பார்ப்பார்கள். எடை குறைவது நின்றால்தான் உளியை எடுப்பார்கள். பிளினி கண்ட எடைக் குறைவே இன்றும் அவர்களுக்கு வழிகாட்டி.

இந்த ஆடம்பரத்தைக் கண்டித்தவர்களும் ரோமாபுரியில் இருந்தார்கள். அவர்களில் தலையானவர் செனெகா. எளிய வாழ்க்கையின் பெருமையை அவரைப் போல எழுதியவர்கள் குறைவு. டெமெட்ரியஸ் என்ற ஞானியின் வாயில் வைத்து அவர் சொல்கிறார்: செனட்டர் ஒருவரின் சொத்து முழுவதும் ஒரு மரக்கட்டைக்கு விலையாகிறது, அந்த மரத்தை அதன் துரதிர்ஷ்டம் எத்தனைக்கெத்தனை முறுக்கியிருக்கிறதோ, அத்தனைக்கத்தனை விலை ஏறுகிறது என்று. எவ்வளவு கூர்மையான சொல்! ஆனால் பிற்காலத்துச் சரித்திராசிரியரான டியோ என்ன எழுதியிருக்கிறார், தெரியுமா? செனெகாவின் வீட்டில் யானைத் தந்தக் கால் வைத்த ஸிட்ரஸ் மேஜைகள், எல்லாம் ஒரே அச்சாக, ஐந்நூறு இருந்தன என்கிறார். டியோவுக்குச் செனெகாவைப் பிடிக்காது, கூட்டிச் சொல்லியிருக்கலாம். தொண்ணூறு பங்கைத் தள்ளுபடி செய்தாலும் ஐம்பது மேஜை மிஞ்சுகிறதே! எழுதுகிற கை வேறு, வாங்குகிற கை வேறு போலும். இதற்கு மேல் செனெகாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

செனெகாவின் தம்பி மகன் லூகன் என்ற கவி. ஆப்பிரிக்க ஜனங்கள் இந்த மரத்தின் நிழலோடு திருப்தியடைந்து வாழ்ந்தார்கள், நம்முடைய கோடரிதான் அந்தக் காட்டுக்குள் நுழைந்து மேஜையைத் தேடிற்று என்று அவன் பாடினான். கவி சொன்னது பாதி உண்மை. மெழுகு பூசிப் புதைத்துப் பதப்படுத்தத் தெரிந்த ஜனங்கள் வெறும் நிழலில் மட்டும் படுத்திருந்தவர்கள் அல்ல. ஆனால் கோடரியைப் பற்றி அவன் சொன்னது முழு உண்மை. எல்லாவற்றிலும் சிறந்த கட்டையைக் கொடுத்த அன்கோராரியஸ் என்ற மலையில் பிளினியின் காலத்திலேயே மரம் தீர்ந்து போய்விட்டது. சிஸரோ வாங்கியதற்கும் பிளினி எழுதியதற்கும் நடுவில் சென்றது ஒரு நூற்றாண்டும் சொச்சமும்தான். மெதுவாக வளரும் மரத்துக்கு அது ஒரு தலைமுறைக் காலம் கூட இல்லை.

பிளினியிடம் ஒரு தவறு உண்டு. அந்தத் தவற்றைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன். இந்த முண்டு வேரில் உண்டாகும் ஊனம், இத்தனை விலை கொடுத்து நாம் வாங்குவது மரத்தின் ஒரு குறையைத்தான் என்பது அவர் கருத்து. முழுவதும் மண்ணுக்குள்ளேயே விளைந்த முண்டுக்குத்தான் மதிப்பு அதிகம் என்றும் எழுதுகிறார். செனெகாவும் அதைத் துரதிர்ஷ்டம் என்றார். கேட்பதற்கு அழகான தத்துவம். குறையே நிறையாவது எழுத்தாளர்களுக்குப் பிடித்த விஷயம். ஆனால் இன்றைய தாவர சாஸ்திரம் வேறு சொல்கிறது.

இந்த மரத்தின் அடியில், மண்ணுக்குள் விளையும் முண்டு வியாதி அல்ல. அது மரத்தின் சேமிப்பு. செடி சிறியதாக இருக்கும்போதே அது உண்டாகத் தொடங்குகிறது. அதற்குள் உணவும் இருக்கிறது. உறங்கும் மொட்டுகளும் இருக்கின்றன. மலையில் தீப்பிடித்து மேலே இருப்பதெல்லாம் எரிந்து போகலாம். ஆடுகள் கடித்துத் தின்றுவிடலாம். யாராவது வெட்டிக் கொண்டு போகலாம். எல்லாம் போன பிறகு, மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் அந்த முண்டிலிருந்து மரம் மறுபடி தளிர்க்கிறது. ஊசியிலை மரங்களில் இப்படி வெட்டிய பிறகு துளிர்ப்பவை மிகச் சில. அவற்றில் இது ஒன்று. எத்தனை தடவை வெட்டுப்பட்டு, எத்தனை தடவை பிழைத்து எழுந்ததோ, அத்தனைக்கு முண்டு பருக்கிறது. புலி வரியும் மயில் கண்ணும், மரம் பட்ட ஆபத்துகளின் கணக்கு. அவற்றைத் தாண்டிப் பிழைத்ததன் கணக்கும் அதுவே.

மரத்தை வெட்டினால் மரம் சாகாது. முண்டைத் தோண்டினால் மிச்சம் எதுவும் இல்லை.

மொராக்கோவில் எஸ்ஸவீரா என்று ஒரு கடற்கரைப் பட்டணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் சுல்தான் ஒருவர் திட்டமிட்டுக் கட்டிய ஊர். 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக அதைச் சேர்த்தார்கள். அந்த ஊர்த் தச்சர்கள் இன்றும் இதே மரத்தின் முண்டில் பெட்டிகளும் தட்டுகளும் சிறு மேஜைகளும் செய்கிறார்கள். எலுமிச்சைக் கட்டையும் கிளிஞ்சலின் பளபளப்பும் வைத்து இழைக்கிறார்கள். மூடியைத் திறந்தால் வாசனை வரும். அந்தக் கைத்தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. விறகுக்கு வெட்டுவதும், மேய்ச்சலும், முண்டு தோண்டுவதுமாகக் காடு சுருங்கிக் கொண்டு வருகிறது. முண்டு இல்லாவிட்டால் தச்சனுக்குப் பிழைப்பு இல்லை. முண்டைத் தோண்டிக் கொண்டே போனால் மரம் இல்லை. இந்தச் சிக்கலுக்கு இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஐந்து லட்சம் கொடுக்கிற சிஸரோக்கள் இருக்கும் வரையில் மலையில் மண்வெட்டியின் ஓசை ஓயாது என்பது மட்டும் தெரிகிறது.

பிளினி இன்னும் ஒரு குறிப்புத் தருகிறார். இந்த மேஜைகளுக்கு மெருகு ஏற உலர்ந்த கையால் தேய்க்க வேண்டுமாம். அதிலும் குளித்துவிட்டு வந்த கை மிக நல்லதாம். நானும் நேற்றுக் காலை ஸ்நானம் செய்துவிட்டு வந்து என் மேஜையைத் தேய்த்துக் கொண்டிருந்தேன். என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"இவ்வளவு சிரத்தையாகத் தேய்க்கிறீர்களே, நிஜமாகவே இதற்கு என்ன கொடுத்தீர்கள்?" என்றாள்.

அவள் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. அதனால்தான் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. தொகையைச் சொன்னேன். அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால், எனக்கு எழுத்து ஓடாமல் போனால், கைக்கு உதவும் என்று அவள் பதினைந்து வருஷமாக மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கிப் பாங்கியில் போட்டு வந்த பணம் அது. அதைத்தான் எடுத்திருந்தேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, மறுபடியும் சேர்த்தால் போகிறது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் கை மேஜையின் மேலேயே இருந்தது. அதற்கப்புறம் தேய்க்க மனம் வரவில்லை.